பிள்ளை யாரைக் கேட்டது

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது மூன்று. பெற்றதையும் சேர்த்து வளர்த்தது முப்பத்தொன்று. அதில் ஒன்றுகூட என் வீட்டில் விழுந்து எலும்பு உடைந்ததில்லை, ஒன்றுகூடப் பசியோடு தூங்கியதில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு வேறு சொத்து இல்லை.

போன மாதம் நீங்கள் நான்கு பேர் என் ஃபிளாட்டுக்கு வந்தீர்கள். தாஸ்காவில், அதுதான் பலகை மாட்டிய பிள்ளைக் காப்பகத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறோம் என்றீர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் ஆயா, வைத்துப் படித்துக்கொள்கிறோம் என்றீர்கள். கைப்பேசியை முகத்துக்கு நேராக நீட்டியதும் எனக்கு வாய் வரவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். இப்போது என் பேத்தி பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கடைப் பலகை படிப்பேன், மருந்துப் பையில் என் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன், அவ்வளவுதான். அதற்காகப் பேச்சில் வருகிற மாதிரி எழுதாதே, புத்தகத்தில் இருக்கிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். நான் படிக்காதவள் என்பது எழுத்தில் தெரியவேண்டாம்.

பால் எப்படிக் கரைப்பது, காய்ச்சலுக்கு என்ன செய்வது என்பதையெல்லாம் உங்களுக்குக் கோர்ஸில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. கோர்ஸில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த வேலையில் இடுப்பு வலி வரும், காது மந்தமாகும், அதோடு பொறாமை வரும். இடுப்புக்குத் தைலம் இருக்கிறது. பொறாமைக்கு இல்லை.

காலையில் ஒருத்தி வந்து பிள்ளையை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். பிள்ளை அழும். நீங்கள் அமர்த்துவீர்கள். குளிப்பாட்டுவீர்கள், ஊட்டுவீர்கள், கழுவிவிடுவீர்கள். உங்கள் கைலியைப் பிடித்துக்கொண்டே அது தூங்கும். பகல் முழுக்க நீங்கள்தான் அதற்கு உலகம். சாயங்காலம் கீழே ஒரு கார் வந்து நிற்கும். "அம்மா காடி!" என்று ஒரு கத்து. அவ்வளவுதான். கட்டியிருந்த பழைய துணியை உருவிப் போட்டதுபோல உங்களைப் போட்டுவிட்டு ஓடும். திரும்பிப் பார்க்காது.

அந்த நேரத்தில் உள்ளே ஒன்று எரியும். எனக்கு அப்படியெல்லாம் இல்லை என்று சொல்கிறவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. எரியவில்லை என்றால் பிள்ளைமேல் ஒட்டுதல் இல்லை என்று அர்த்தம்.

நான் இந்த எரிச்சலை இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள். முதலில் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் சீவினேன். விடியுமுன் என் மூன்று பிள்ளைகளையும் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரத்துக்குப் போவேன். அங்கே பிள்ளை பார்த்தவள் என்னைவிட ஓரிரு வயதுதான் மூத்தவள். எல்லாரும் ஆயா என்றே கூப்பிட்டதால் அவள் பெயர் எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. வாய் நீளம். என் நடுமகன் அவளை விட்டு வரவே மாட்டான். ரப்பர் பால் நாற்றத்தோடு நான் வாசலில் போய் நிற்பேன். அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"என் புள்ளைக்கு என்னா மருந்து வச்ச?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மருந்து இல்லடி. நேரம். உங்கிட்ட அது இல்ல, எங்கிட்ட இருக்கு. வயிறு எரியுதா? எரியட்டும். அந்தக் கோவத்துல புள்ள கையப் புடிச்சி இழுக்காத, சுளுக்கிக்கும்."

அவளை அன்றைக்கு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது சரி.

பிறகு தோட்டம் கைமாறி அங்கே வீடுகள் எழும்பின. நாங்கள் மலாக்கா டவுனுக்கு வந்து இந்த ஃபிளாட்டில் குடியேறினோம். சுற்றிலும் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள். காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாக அலைவார்கள். எனக்குத் தெரிந்த வேலை அதுதான் என்று ஒரு பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அப்புறம் நிற்கவே இல்லை. அப்படியாகப் பெற்றவளாக இருந்தபோது ஆயாவைப் பார்த்து எரிந்தேன். ஆயாவான பிறகு பெற்றவளைப் பார்த்து எரிந்தேன்.

என் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது அம்மாவிடம் மூன்று விஷயம் சொல்வேன். என்ன தின்றது, எப்படித் தூங்கியது, யாரைக் கேட்டது. முதல் இரண்டையும் எல்லா ஆயாவும் சொல்வாள். மூன்றாவதை நான் மட்டும்தான் சொல்வேன். பகலில் பிள்ளை அப்பாவைக் கேட்டால் அப்பா என்பேன். பக்கத்து வீட்டுப் பூனையைக் கேட்டால் பூனை என்பேன். பெரும்பாலும் அம்மாவைத்தான் கேட்கும். "உன்னையத்தான் கேட்டா" என்று சொல்லும்போது, நாளெல்லாம் மெஷின் முன்னால் நின்று வெளிறிப்போன அந்த முகம் விரியும் பாருங்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சொல்வேன். பெற்றவளுக்குச் சேரவேண்டியதை நான் ஒருநாளும் பிடித்து வைத்துக்கொண்டதில்லை.

உங்கள் தாஸ்காவில் கேமரா மாட்டியிருக்கிறதாம். அம்மாக்கள் ஆபீஸில் இருந்தபடியே கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்களாம். நல்லதுதான். ஆனால் பிள்ளை மனசுக்குள் யாரைத் தேடுகிறது என்பது அதில் தெரியாது. அதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

இப்போது யோகேசின் கதைக்கு வருகிறேன்.

அவள் முழுப்பெயர் யோகேஸ்வரி. பத்து பெராண்டாம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஆபீஸில் வேலை. கணவன் சிவா சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒரு குத்தகைக்காரரிடம் வெல்டர். இரண்டு பேருக்கும் நடுத்தரச் சம்பளம். ஒரு தாமான் குடியிருப்பில் வாடகை வீடு, இரண்டாங்கையாக வாங்கிய சின்ன கார் ஒன்று, சிவாவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள். பிள்ளை யாழினி. மூன்று மாதக் குழந்தையாக என்னிடம் வந்தவள். நான் சொல்லப்போகும் சமயத்தில் அவளுக்கு இரண்டரை வயது.

முப்பத்தொன்றில் எனக்கு மிகப் பிடித்த பிள்ளை எது என்று கேட்பீர்கள். அதைச் சொல்லக்கூடாது. யாழினிதான்.

அதனாலேயே யோகேசைப் பார்த்தால் எனக்கு ஆகாது. நல்ல பெண். மரியாதை தெரிந்தவள். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டாள். ஆனால் ஆறு மணிக்கு முன்னே அவள் கார் கீழே வந்துவிடும். ஒருநாளாவது தாமதமாக வரமாட்டாளா என்று பார்ப்பேன். மழையென்றாலும் வந்துவிடுவாள். மலாக்காவில் ஆபீஸுக்கும் வீட்டுக்கும் அப்படி என்ன தூரம்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டி, விளக்கேற்றி, சமைத்து, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். அதற்கப்புறமும் பிள்ளை விளையாட நேரம் மிச்சமிருக்குமாம். சனிக்கிழமையானால் செர்காம் பக்கம் கடலோரத்தில் போய்ச் சுட்ட மீன் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். திங்கட்கிழமை காலையில் யாழினி வந்து, "கடல்ல கால் வச்சேன் ஆயா, அம்மா புடிச்சிக்கிட்டாங்க" என்று சொல்வாள். நான் அவள் தலையில் எண்ணெய் வைத்தபடி உம் கொட்டுவேன். எண்ணெயைச் சற்று அழுத்தித்தான் தேய்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்டாட்டியுமாக, பாசாரில் இருந்து நேராக மீன் பையோடு என் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேர் முகமும் சரியில்லை. யாழினி வந்ததும் என் மடியில் ஏறிக்கொண்டாள்.

சிவாதான் ஆரம்பித்தான். "ஆயா, இவகிட்ட நீங்களே சொல்லுங்க. என் பேச்சு எடுபடல."

"ஆயாகிட்டயே கேளுங்க. ஆயா எனக்குத்தான் சப்போட்டு," என்றாள் யோகேஸ்.

விஷயம் இதுதான். யோகேசின் கம்பெனி கோலாலம்பூரில் இருக்கும் பெரிய ஆபீஸுக்கு அவளை மேல்பதவி கொடுத்துக் கூப்பிடுகிறது. சம்பளம் நிறைய ஏறும். அடுத்த வெள்ளிக்கிழமை பதில் சொல்லவேண்டும்.

"இங்க என்னா கொறைச்சல், ஆயா?" என்றான் சிவா. "வீட்டு வாடகை என் சம்பளத்துல போவுது. சாப்பாடு, காடி எல்லாம் அவ சம்பளத்துல போவுது. மாசக் கடைசியில கடன் இல்லாம நிக்கிறோம். கேஎல்ல இதைவிட ரெண்டு மடங்கு வாங்குறவன்லாம் மாசக் கடைசியில பாக்கெட் நூடல்ஸ் அவிச்சித் திங்கிறான் லா."

"கடன் இல்லாம நிக்கிறது ஒரு சாதனையா?" என்றாள் அவள். "இங்கயே நின்னா கடைசி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருப்போம். அத்தனை பேருக்கு நடுவுல மெனேஜர் என்னைக் கூப்புட்டுக் குடுத்தாரு ஆயா. எங்க குடும்பத்துல யாரையாச்சும் அப்படிக் கூப்புட்டிருக்காங்களா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. என்னை யாரும் எங்கேயும் மேல்பதவிக்குக் கூப்பிட்டதில்லை. அதிலும் எனக்கு ஒரு எரிச்சல். ஆனால் மடியில் இருந்த பிள்ளையின் பாரம்தான் அப்போது பெரிதாகத் தெரிந்தது. போகப் போகிறது என்று நினைத்தேன். கோலாலம்பூர்மேல் பொறாமை வந்தது. ஊரைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன்.

"தம்பிக்கு வேலை?" என்று கேட்டேன்.

"கெடைக்கிற வரைக்கும் அவர் இங்க இருப்பாரு. வாரக் கடைசியில வருவாரு," என்றாள் யோகேஸ். அப்புறம் என் முழங்காலைத் தொட்டாள். "ஆயா, நீங்களும் எங்ககூட வந்துடுங்களேன். அங்க மூணு ரூம்பு. ஒன்னு உங்களுக்கு. காலையில இருட்டோட கெளம்பிடுவேன். சாயங்காலம் ரோட்டு ஜேம்ல மாட்டி வீட்டுக்கு வர எட்டரை, ஒம்பது ஆயிடுமாம். புள்ளை உங்ககூட இருந்தா எனக்குப் பயம் இல்ல."

எட்டரை, ஒன்பது. ஜேம் என்ற சொல் என் காதில் தேனாக விழுந்தது. சாயங்காலம் முழுவதும் எனக்கு. குளியல் எனக்கு, விளக்கு எனக்கு, சோறு எனக்கு, தூங்க வைப்பது எனக்கு. காலையில் பிள்ளை எழுமுன் அம்மா போயிருப்பாள். சனி, ஞாயிறு மட்டும் பெற்றவளுக்கு. இத்தனை வருஷம் எதைப் பார்த்து எரிந்தேனோ அதைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, ரூமும் தருகிறேன் என்கிறாள்.

உடனே சரி என்று சொன்னால் கேவலம். கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டுச் சொன்னேன். "ஒரு வாரம் பாப்போம். நாளையில இருந்து அங்க எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவியோ அத்தனை மணிக்கு இங்க வா. புள்ளை தாங்குதான்னு தெரியும்ல."

"அதான் ஆயா," என்றாள் யோகேஸ். "பாத்தீங்களா, எப்படி யோசிக்கிறாங்கன்னு?" என்று சிவாவிடம் சொன்னாள்.

நான் பெரிய யோசனை எதுவும் பண்ணவில்லை. எனக்கு ருசி பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

அந்த வாரம் யோகேஸ் ஓவர்டைம் எடுத்துக்கொண்டாள். சிவாவும் பிள்ளையைத் தூக்க வரக்கூடாது என்று பேச்சு. அவன் கடையில் சாப்பிட்டுவிட்டு வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தானாம்.

திங்கட்கிழமை, வழக்கமான நேரத்துக்கு யாழினி எழுந்து போய்க் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே ஒவ்வொரு வண்டி வரும்போதும், "அம்மா காடி!" என்றாள். ஒவ்வொன்றும் வேறு யாருடையதோ. இருட்டத் தொடங்கியதும் அழுதாள். நான் தூக்கிக்கொண்டு கீழே இருக்கும் விளையாட்டுத் திடலுக்குப் போனேன். ஊஞ்சல் ஆட்டினேன். தின்னக் கறிபாப் வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வந்து வெந்நீரில் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, என் பக்கத்தில் படுக்க வைத்தேன். அம்மா வரும்போது தூங்கிப்போயிருந்தாள்.

"யாரைக் கேட்டா ஆயா?"

"உன்னையத்தான். கதவையே விடல."

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் சிரித்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய், புதனில் கதவருகே நிற்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நான் சும்மா இருக்கவில்லை. பாட்டு, கதை, அரிசி மாவில் பொம்மை என்று சாயங்காலத்தைத் திருவிழாவாக்கினேன். விளக்கேற்றும்போது அவள் என் பக்கத்தில் நின்று கைகூப்பினாள். இந்தக் கைகூப்பலை இரண்டரை வருஷமாக யோகேஸ் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தபோது எனக்கு அவள்மேல் கோபமாகக்கூட வந்தது.

வியாழக்கிழமை. பிள்ளை பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு கார் வந்து நின்றது. அச்சாக யோகேசின் காருடைய சத்தம். யாழினி தலையைத் தூக்கினாள். ஒரு நொடி கேட்டாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "ஆ காட்டு" என்று பொம்மைக்கு அடுத்த வாயை ஊட்டினாள்.

எனக்குச் சந்தோஷம் வந்தது. பெருஞ்சந்தோஷம். பிள்ளையை அப்படியே வாரி எடுத்தேன். அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் செலண்டார் ஆயாக் கொட்டகை வாசல் கண்முன் வந்தது. என் மகன் அந்த ஆயாவின் தோளில் இதே மாதிரித்தான் முகம் வைப்பான். வாசலில் நிற்பவள் எப்படி நிற்பாள் என்று எனக்குத் தெரியும். சந்தோஷம் போகவில்லை. ஆனால் தொண்டையில் இறங்கவும் இல்லை.

எட்டரைக்கு யோகேஸ் வந்தாள். வெளியே செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நல்லாப் போச்சுல்ல ஆயா? புள்ளை பழகிக்கிட்டா. நான்தான் வீணா பயந்தேன். நாளைக்குக் காலையில மெனேஜர்கிட்ட சரின்னு சொல்லப் போறேன். நீங்க துணிமணியெல்லாம் எடுத்து வைங்க." தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காலைத் தடவினாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டாள். "இன்னைக்கு என்னையக் கேட்டாளா?"

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிற்கவேண்டும், பெண்களா. இந்த வேலையில் பெரிய ஆபத்து என்றால் பிள்ளை நாணயத்தை விழுங்குவதும் சாக்கடையில் விழுவதும் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு இந்த ஒரு கேள்விதான் பெரிய ஆபத்து. "கேட்டா" என்று சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். நல்ல ஆயா, மனசு நோகாமல் பேசுகிறாள் என்று இருந்திருக்கும். பிள்ளையும் எனக்குக் கிடைத்திருக்கும். ஒரு பொய். அதில் எல்லாருக்கும் லாபம். "நான் அடுப்படியில இருந்தேன், கவனிக்கல" என்று நழுவியும் இருக்கலாம். உண்மையைச் சொன்னால் எனக்கு மட்டும்தான் நஷ்டம்.

ஆனால் அந்த மூன்றாவது வார்த்தையை நான் இதுவரைக்கும் யாருக்கும் மாற்றிச் சொன்னதில்லை. அதை ஒருமுறை மாற்றிவிட்டால் அப்புறம் நான் யார்? சம்பளத்துக்குப் பிள்ளை தூக்குகிறவள்.

"கேக்கல," என்றேன்.

"என்னாது?"

"இன்னைக்கு உன்னையக் கேக்கல. கீழ காடி வந்துச்சி. தலையத் தூக்கிப் பாத்தா. அப்பறம் பொம்மைக்கு ஊட்ட ஆரம்பிச்சிட்டா."

அவள் கை பிள்ளையின் காலில் அப்படியே நின்றது. பேசியபோது குரல் வேறாக இருந்தது.

"வேணுமின்னே சொல்றீங்க."

"இல்ல."

"நான் மேல போறது யாருக்குமே பொறுக்கல. அவருக்கும் பொறுக்கல, உங்களுக்கும் பொறுக்கல. பொறாமை, ஆயா. உங்களுக்குப் பொறாமை."

என்னை அதுவரை யாரும் நேராக அப்படிச் சொன்னதில்லை. என் வீட்டில் உட்கார்ந்து, என் பாயில் உட்கார்ந்து சொல்கிறாள். எனக்கும் சுருக்கென்று வந்தது.

"ஆமா, பொறாமைதான்," என்றேன். "ரெண்டரை வருசமா உன்னையப் பாத்துப் பொறாமை. உன் சம்பளத்தப் பாத்து இல்ல. உன் பதவியப் பாத்து இல்ல. ஆறு மணிக்கு முன்ன வந்து இந்தப் புள்ளையத் தூக்கிட்டுப் போறியே, அதப் பாத்து. உங்கிட்ட என்னா இருக்குன்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பாத்துப் பாத்து எரிஞ்சவளுக்குத்தான் தெரியும். நீ கேஎல் போனா அது அப்படியே எங்கிட்ட வந்துடும். போகாதன்னு நான் சொல்லல. எனக்கு லாபம், நான் ஏன் சொல்லணும்? கேட்ட, சொன்னேன்."

யோகேஸ் பிள்ளையைத் தூக்கினாள். யாழினி கண்ணைத் திறந்தாள். தூக்கியது யார் என்று ஒரு கணம் பார்த்தாள். ஒரு கணம்தான், அப்புறம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பார்வையை யோகேஸ் பார்த்துவிட்டாள். நானும் பார்த்தேன். அவள் செருப்பைச் சரியாக மாட்டாமலே படியிறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை பிள்ளையைக் கொண்டுவரவில்லை. போன் இல்லை. நானும் போடவில்லை. யாழினிக்கென்று குழைய வடித்த சோற்றை நானே சாப்பிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று அன்றைக்கு ஆயிரம் முறை நினைத்தேன். இப்படித் திட்டு வாங்கி, பிள்ளையையும் தொலைத்து, கோலாலம்பூர் ரூமையும் தொலைத்து, இதெல்லாம் எதற்கு? உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குக் கனமாகத்தான் இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்படியே.

திங்கட்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம். யோகேஸ், கையில் பிள்ளை. "லேசா சளி ஆயா. ரசம் சோறு போதும்," என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். போகிறாளா, இருக்கிறாளா, ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் அன்று பகல் நகரவே இல்லை. எட்டரைக்கு வந்தால் போகிறாள். ஆறுக்கு வந்தால் இருக்கிறாள். எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்பது பொய். எட்டரைதான் வேண்டும் என்று இருந்தது.

சாயங்காலம் யாழினிக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆறு அடிக்கவில்லை. கீழே கார் வந்து நின்றது. பிள்ளை தலையைத் தூக்கிக் கேட்டாள். வாயில் சோற்றோடு, "அம்மா காடி!" என்றாள். கிண்ணத்தைத் தட்டிவிட்டு என் மடியை மிதித்துக்கொண்டு ஓடினாள். ரசம் சோறு கைலியெல்லாம் கொட்டியது.

யோகேஸ் கதவில் நின்றாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நான் கைலியைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். "பாதிச் சோறு உள்ள போச்சி. மீதி எம்மேல. மத்தியானம் நல்லாத் தூங்கினா." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"மூணாவது?" என்றாள்.

"அதான் பாக்குறியே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வேணாம்னு சொல்லிட்டேன் ஆயா. வெள்ளிக்கெழமையே சொல்லிட்டேன். சொல்லிட்டு வீட்டுல படுத்து அழுதேன். எனக்கு அந்த வேலை அவ்ளோ ஆசை, தெரியுமா?"

"தெரியும்."

"உங்கமேல எனக்கு இன்னும் கோவந்தான்."

"இருக்கட்டும்."

படியிறங்கப் போனவள் திரும்பிப் பார்த்தாள். "எரியுதா?"

"எரியுது."

"நல்லா எரியட்டும்," என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு சிவா பெரிய மீனாக ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். "லஞ்சம் இல்ல ஆயா, அன்பளிப்பு," என்றான். "உனக்காக ஒண்ணும் பண்ணல, மீனை வெட்டி வச்சிட்டுப் போ," என்றேன். வெட்டி வைத்துவிட்டுத்தான் போனான்.

இதைக் கேட்டுவிட்டு, மலாக்காவிலேயே இருங்கள், கோலாலம்பூர் போகாதீர்கள் என்று ஆயா சொன்னார் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். போகவேண்டியவர்கள் போகட்டும். அந்தப் பதவிக்கு யோகேசோடு வேலை செய்த இன்னொருத்தி போனாள். நன்றாகத்தான் இருக்கிறாளாம், புது வீடு வாங்கியிருக்கிறாளாம். அவள் படத்தைக் கைப்பேசியில் பார்க்கும்போதெல்லாம் யோகேஸ் என்னிடம் வந்து புலம்புவாள். நான் ஆறுதல் சொல்லமாட்டேன். "பொறாமைப்படு" என்பேன். அவளுக்கும் எரிய ஒன்று வேண்டாமா?

யாழினி இப்போது தமிழ்ப்பள்ளிக்குப் போகிறாள். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் கையசைப்பாள். ஒரு கையைத்தான் அசைப்பாள். இன்னொரு கை அம்மா கையில் இருக்கும்.

நான் உங்களுக்குச் சொல்வது இதுதான். பொறாமை வரும், வரட்டும். அதைப் பிள்ளை முன்னால் காட்டாதீர்கள். எது பெற்றவளுடையது என்று மற்ற எல்லாரையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், ஏனென்றால் உங்களுக்குத்தான் அது வேண்டும். அதனால் சாயங்காலம் அவள் கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எரியுங்கள். முழங்கால் போய் நான் வேலையை நிறுத்திய பிறகும் ஆறு மணிக்குக் கீழே கார் சத்தம் கேட்டால் எனக்கு எரியத்தான் செய்கிறது. கதவைத் திறந்து பார்ப்பதில்லை.

போதும் பாப்பா. பேனாவை வை. முதலில் இருந்து வாசி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை. பொறாமை என்று நான் சொன்ன இடத்தில் நீ பாசம், ஏக்கம் என்று நல்ல வார்த்தையாகப் பார்த்துப் போட்டிருக்கிறாயா? போட்டிருந்தால் அடித்துவிட்டு நான் சொன்னதையே எழுது. என்ன சிரிப்பு? சரி, வாசி.